விசில்காரரின் முன்பல்லும் நனையாத குடையும்

படியேறி வருகிறவரின் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கை கன்னத்தில் இருந்தால் வலி. கை பைக்குள் இருந்தால் சோதனை.

பல் கிளினிக்குகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, கருவிகளை எப்படிக் கொதிக்க வைப்பது, எந்தத் தட்டில் எதை அடுக்குவது என்றெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சாமான்களின் பெயர்கள் இன்றைக்கும் என் வாயில் சரியாக வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எழுத்துக் கூட்டுகிற வரைக்கும்தான். ஆனால் கண்டி டவுனில், மேல்மாடியில் இருந்த ஒரு பல் கிளினிக்கின் வாசல் கதிரையில், முடி கறுப்பாக இருந்த காலத்தில் உட்கார்ந்து, வெள்ளையான பிறகுதான் எழுந்தேன். அங்கே உட்கார்ந்து நான் வாசித்த ஆட்களை எந்தப் புத்தகத்திலும் வாசிக்க முடியாது. இவள் பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். வயசான காலத்தில் வேறு எதற்குச் சொல்வது?

சோதனை என்றேனே, அதைச் சொல்கிறேன். நம் ஆட்கள் குறி கேட்கப் போனால், வந்த காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாமி தானாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது சாமி. இந்தப் பழக்கத்தை அப்படியே பல் டொக்டரிடமும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓரிடத்தில், "இதைப் பிடுங்க வேண்டும்" என்று சொல்லியிருப்பார்கள். நம்பவும் மனம் வராது, விடவும் பயமாக இருக்கும். சரி, இன்னொரு டொக்டரிடமும் காட்டிப் பார்ப்போம் என்று புறப்படுவார்கள். அது ரொம்ப நல்ல காரியம். பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாது என்பதால், பிடுங்கும் முன் ஊரெல்லாம் கேட்டாலும் தப்பில்லை. ஆனால் இரண்டாவது டொக்டரிடம் வந்து என்ன செய்வார்கள் தெரியுமா? வாயைத் திறப்பார்கள், பேச மாட்டார்கள். முதல் டொக்டர் சொன்னதை மறைப்பார்கள். எடுத்த எக்ஸ்ரேயை மறைப்பார்கள். வலிக்கிற பல் எது என்பதையே மறைப்பார்கள்.

தெல்தெனியவிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். "எந்தப் பல் டீச்சர்?" என்று டொக்டர் கேட்டதற்கு, "நீங்கதானே டொக்டர், கண்டுபிடிங்க பாப்போம்" என்றார், கரும்பலகை முன்னால் பிள்ளையை நிறுத்திவைத்துக் கேட்கிற மாதிரி. டொக்டர் கண்டுபிடித்தார். டீச்சர் "வெரி குட்" என்று சொல்லிவிட்டுத்தான் சாய்ந்து படுத்தார்.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பேராதனையில் படிக்க வந்தவர், இந்தக் குளிருக்குப் பழகிப்போய் இங்கேயே தங்கிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எனக்கு ஒரு சட்டம் போட்டார். "ராசம்மா, வாசலிலே அபிப்பிராயம் இல்லை. விளங்குதோ?"

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், உள்ளே டொக்டர் சொன்னதை வெளியே வந்ததும் ஆட்கள் என்னிடம்தான் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். "அக்கா, உண்மையாவே புடுங்கணுமா? உங்க தம்பி மாதிரி நெனச்சு சொல்லுங்க." உங்களிடமும் கேட்பார்கள். வெள்ளை மேலங்கி போட்டவள் எல்லாம் அவர்களுக்குப் பாதி டொக்டர். பதில் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்வது இதுதான்: "எனக்குப் பதில் தெரியும் தம்பி, சொல்றதுக்குத்தான் சம்பளம் இல்ல." சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மரியாதையும் மிஞ்சும்.

சட்டம் போட்ட டொக்டரே எனக்கு ஒரு கள்ளக் கதவும் திறந்து வைத்திருந்தார். கதிரையில் படுத்திருக்கிற ஆள் எதையோ மறைக்கிறார் என்று அவருக்குத் தோன்றினால், வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, "இது புகையாக் கிடக்கு, வேற ஒண்டு கழுவிக்கொண்டு வாங்கோ" என்பார். பக்கத்துத் தட்டில் கழுவிய கண்ணாடிகள் பளபளவென்று அடுக்கியிருக்கும். இருந்தாலும் நான் "சரிங்க டொக்டர்" என்பேன். அதற்கு அர்த்தம், இவரை வெளியே வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார வை, உன் வேலையைப் பார், என்பது. டொக்டர் பல்லைப் பார்ப்பார். ஆளைப் பார்ப்பது என் இலாகா.

இனி செல்லையாவின் கதைக்கு வருகிறேன்.

அன்றைக்குத் தூறலாக இருந்தது. ஒரு ஆண், பின்னால் ஒரு பெண், படியேறி வந்தார்கள். ஆண் கைகளை வீசிக்கொண்டு வந்தார். கன்னத்திலும் கை இல்லை, பையிலும் இல்லை. என் கணக்குத் தப்புகிறதே என்று பார்த்தேன். பிறகுதான் பெண்ணைப் பார்த்தேன். தலை நனைந்து, நெற்றிக் குங்குமம் மூக்குவரைக்கும் வழிந்திருந்தது. கையில் குடை. குடை சொட்டுக்கூட நனையவில்லை.

எங்கள் வாசலில் குடை போட ஒரு வாளி உண்டு. "தங்கச்சி, குடைய அதுல போடுங்க" என்றேன்.

"இல்லக்கா, இருக்கட்டும்" என்று, குடையைப் பிள்ளையைப் போல மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

சரிதான். எக்ஸ்ரே குடைக்குள்ளே இருக்கிறது என்று எனக்கு அப்பொழுதே தெரிந்துவிட்டது. முழு வாயையும் ஒரே படமாக எடுக்கிறார்களே, அந்த நீளமான படம். சுருட்டினால் குடைக்குள் அழகாக உட்காரும்.

அவர் பெயர் செல்லையா. கண்டியிலிருந்து தெல்தோட்டைக்கு ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மனைவி பெயர் புஷ்பம். பஸ்ஸை ஓட்டுகிறவர் புஷ்பத்தின் அண்ணன். அந்த அண்ணன் பஸ்ஸைக் கிளினிக்குக்குக் கீழேயே, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அவர்கள் புறப்பட வேண்டிய முறை நெருங்கிக்கொண்டிருந்தது. முறை தவறினால் வேறு பஸ் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

செல்லையா உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. மூடியிருந்தாலும் கேட்டிருக்கும், அது வேறு விஷயம்.

"என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்லீங்க டொக்டர். சும்மா காட்டிட்டுப் போகலாம்னு."

"சும்மா பல் காட்ட ஒருத்தரும் என்னட்ட வாறேல்லையே. நோகுதோ?"

"இல்லீங்க."

"ஆடுதோ?"

"இல்லீங்க."

"ரத்தம் வருகுதோ?"

"அது வெத்திலைங்க."

பிறகு கருவிச் சத்தம்தான். டொக்டர் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்க்கிறார். நான் எட்டிப் பார்த்தேன். மேல்வரிசை முன்பல்லில் கருவி பட்டதும் செல்லையாவின் இரண்டு கையும் கதிரைப் பிடியை இறுக்கின. முகம் மட்டும் கல். கிராம்பு வாசனை வாசல்வரைக்கும் வந்தது. கிராம்பை அதக்கி, வலி மாத்திரையும் விழுங்கிவிட்டு, பரீட்சை எழுத வந்திருக்கிறார் மனுஷன்.

"ராசம்மா, இந்தக் கண்ணாடி புகையாக் கிடக்கு."

"சரிங்க டொக்டர்."

செல்லையாவை வெளியே கூட்டிவந்து வாங்கில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த உடனே மனைவியின் காதில், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியா? இவரு ஒண்ணுமே சொல்லல. முன்னாடி இருக்கிற ரெண்டையும் புடுங்கணும்னு அந்தாளு சொன்னானே, பொய்யி. நான் அப்பவே சொன்னேன்ல?"

"இன்னும் முடியலயே. கண்ணாடி கழுவணும்னுதானே சொன்னாரு."

"கண்ணாடிதான் புகையா இருக்காம், பல்லு நல்லாத்தான் இருக்கு. வா போவோம்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வேலையில் ஆபத்தான நேரம் ஊசி போடும் நேரம் இல்லை. இதுதான். ஒரு ஆள் தனக்கு வேண்டிய பதிலைத் தானே தயாரித்துக்கொண்டு, அதை டொக்டர் சொன்னதாக எண்ணிப் படியிறங்குகிற நேரம். இறங்கிவிட்டால் லேசில் திரும்பி வர மாட்டார். வருகிறபோது முன்பல் மட்டும் போயிருக்காது, பக்கத்துப் பல்லையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அதற்காக, "உங்க பல்லு ஆடுது, உக்காருங்க" என்று நான் சொல்லலாமா? கூடாது. சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அது என் வாயிலிருந்து வந்தால் என்னோடு வாதாடுவார். ஆம்பளை மனைவிக்கு முன்னால் ஒரு பேச்சைத் தொடங்கிவிட்டால், பல்லே கொட்டினாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

செல்லையா கைகழுவப் போன நேரத்தில் புஷ்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னா தங்கச்சி, புடுங்கிரணும்னு உங்களுக்கு ஆசையா, இருக்கணும்னு ஆசையா?"

அவள் அதற்கென்றே காத்திருந்தவள் மாதிரிக் கொட்டிவிட்டாள். "ரெண்டையும் புடுங்கிட்டா எனக்கு நிம்மதிக்கா. இந்த மனுசன் அந்தப் பல்லுச் சந்துலதான் விசிலடிக்கிறது. பஸ்ஸுல ஒரு விசிலுன்னா நிப்பாட்டணும், ரெண்டுன்னா போகணும். பெல்லு உடைஞ்சு எத்தன காலமோ, அண்ணன் இந்த விசில வச்சுத்தான் ஓட்டுறாரு. சரி, அது தொழிலு. வீட்டுக்கு வந்தும் அதேதான். ஒரு விசிலுன்னா தேத்தண்ணி. ரெண்டுன்னா குளிக்கச் சுடுதண்ணி. நீட்டி அடிச்சா சட்டையக் காணோம்னு அர்த்தம். ஒரு நாளு கேட்டுட்டேன், நான் என்னா பஸ்ஸா, எனக்கொரு பேரு இல்லையான்னு."

"கேட்டதும்?"

அவள் குடைப்பிடியைத் திருகினாள். "அன்னையிலருந்து ஊதுறதே இல்லக்கா. தீவாளிக்கு முந்தி. வாயத் தொறந்து எதுவும் கேக்குறதும் இல்ல. தேத்தண்ணியத் தானே ஊத்திக்கிறாரு. ஒரு வார்த்தைக்கு இம்புட்டுக் கோவமா? நானும் வெட்டி வீறாப்புல இருந்துட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்ட யோசனைதான். எனக்கு நல்ல யோசனைகள் எப்பொழுதும் அந்தப் பக்கத்தால்தான் வரும்.

கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. நீளமாக. போலீஸ்காரர் வந்துவிட்டாரோ, முறை தவறுகிறதோ. செல்லையா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "வா புஷ்பம், மச்சான் கூப்புடுறாரு. அக்கா, டொக்டர்கிட்ட சொல்லிருங்க, பெறகு வாரோம்னு."

"போகலாம் அண்ணே. டொக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. மச்சான நிக்கச் சொன்னாப் போதும்தானே?" என்று தெருப்பக்க ஜன்னலைத் திறந்தேன். "இங்கருந்தே ஒண்ணு ஊதுங்க. ஒரு விசிலுன்னா நிப்பாட்டணும். எனக்கே தெரியும்."

செல்லையா ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இங்கருந்தா? டொக்டர் கோவிப்பாருங்க."

"கோவிக்க மாட்டார்!" உள்ளேயிருந்து டொக்டரின் குரல். பாருங்கள், அவரும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்.

மறுபடியும் ஹோர்ன்.

செல்லையா ஜன்னல் விளிம்பைப் பிடித்தார். உதட்டைக் குவித்தார். நாக்கை முன்பல்லுக்குப் பின்னால் வைத்தார். ஊதினார்.

புஸ் என்றது. சைக்கிள் டியூபில் முள் ஏறினால் வருமே, அந்தச் சத்தம். இன்னொரு தடவை ஊதினார். இந்தத் தடவை காற்றுக்கூட நேராக வரவில்லை, எச்சில்தான் வந்தது. ஜன்னல் விளிம்பில் விழுந்தது சிவப்பாக இருந்தது. அது வெற்றிலை இல்லை என்பதைச் சொல்ல எக்ஸ்ரே வேண்டியதில்லை.

கீழேயிருந்து மச்சானின் குரல் மட்டும் தெளிவாக வந்தது: "ஏய், யாருப்பா அது அவன ஊதச் சொல்றது? ஊத முடியாதுன்னு தெரியாதா உங்களுக்கு? பஸ்ஸுத் தகரத்தத் தட்டித் தட்டி ஒரு பக்கமே நெளிஞ்சு கெடக்கு!"

 நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, கழுவத் தேவையில்லாத ஒரு பேசினைக் கழுவப் போனேன். ஒரு மனுஷனை அவர் மனைவிக்கு முன்னால் வெறும் காற்றாக ஆக்கிவிட்டு, நின்று முகம் பார்க்கக் கூடாது. குறும்பு செய்யலாம். செய்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

முதலில் பேசியது புஷ்பம்தான். குரலே மாறிவிட்டது. "அப்ப, கோவத்துல இல்லயா?"

"என்னா கோவம்?"

"நான் பஸ்ஸான்னு கேட்டேனே. அன்னையிலருந்து ஊதலயே."

"நீ கேட்டது நல்லதாப் போச்சு. ஊத வரலன்னு மச்சானத் தவிர யாருகிட்ட நான் சொல்றது? பஸ்ஸு மொதலாளி மாசக்கணக்கா அவரோட தங்கச்சி மகனக் கொண்டாந்து என் எடத்துல ஏத்தப் பாக்குறாரு. ஊத முடியாதவனுக்கு இந்த பஸ்ஸுல என்னா வேலன்னு கேட்டா நான் எங்க போறது? ஒனக்குத் தெரிஞ்சா ஒங்கம்மாவுக்குத் தெரியும். ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தெல்தோட்டைக்கே தெரியும்."

"அதுக்காக? நான் ராவெல்லாம் அழுதேன் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க!" என்று குடையால் அவர் தோளில் ஒரு அடி போட்டாள். அடித்த வேகத்தில் குடையின் வாய் விரிந்து எக்ஸ்ரே நழுவி, உருண்டு, கதவருகே நின்ற டொக்டரின் செருப்பில் போய் முட்டியது.

டொக்டர் குனிந்து எடுத்தார். விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "வடிவான படம். ஆர் எடுத்தது?"

செல்லையா தலையைக் குனிந்துகொண்டு, கண்டியிலேயே இன்னொரு டொக்டரின் பெயரைச் சொன்னார்.

"அவர் என்ர பச், ஒரே வகுப்பு. பரீட்சையில எப்பவும் என்னைவிடக் கூட எடுக்கிறவர். இதை ஏன் எனக்குக் காட்டேல்லை?"

"எல்லாரும் பேராதனையில ஒண்ணாப் படிச்சவங்கதானேங்க. ஒருத்தர் சொன்னா மத்தவரும் அதையேதான் சொல்லுவாங்கன்னு..."

"ஓ. ஒண்டாப் படிச்சால் ஒண்டாப் பொய் சொல்லுவமோ?" டொக்டர் சிரித்தார். "சரி, அவர் உங்களிட்ட என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்டவரோ?"

"கேட்டாருங்க. பஸ்ஸுலன்னு சொன்னேன்."

"விசிலடிக்கிறது எண்டு?"

"அத எப்படிங்க ஒரு டொக்டர்கிட்ட சொல்றது? மரியாத இல்லாம."

டொக்டர் கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். இதைக் கேட்டாயா என்கிற பார்வை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு செல்லையாவை மறுபடியும் படுக்க வைத்தார். இந்தத் தடவை செல்லையா எல்லாம் சொன்னார். எப்போதிலிருந்து ஆடுகிறது, எந்தப் பல்லால் கடிக்க முடியவில்லை, என்ன மாத்திரை விழுங்கினார், எல்லாம். புஷ்பம் பக்கத்தில் நின்று, அவர் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். ஒரு தடவை அவர் "அது இல்லடி" என்றதற்கு, "நீங்க சும்மா ஆ-ன்னு இருங்க" என்றாள்.

டொக்டர் எழுந்து நின்று சொன்னதை நான் சொல் தப்பாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஏனென்றால் ஒரு பல்லைப் பற்றி இவ்வளவு நேர்மையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"உங்கட முதல் டொக்டர் பிழை சொல்லேல்லை. ரெண்டையும் கழட்டிப்போட்டு பொய்ப்பல்லு பிளேட் போட்டால் வேலை சுத்தம். கந்தோரிலே மேசையில இருந்து எழுதுறவர் ஒருத்தர் வந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். இதிலே ஒண்டு முடிஞ்சுது, அதை ஆராலும் காப்பாற்றேலாது. மற்றதிலே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. முரசை, அதுதான் ஈறை, சுத்தம் செய்து, பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டிப் பார்க்கலாம். பிறகு அதுவும் போகலாம். போனால் என்னை ஏசக் கூடாது. வெத்திலையை விடோணும். விசில் வருமோ வராதோ எனக்குத் தெரியாது, அதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. இப்ப நீங்கள் ரெண்டு பேரும் யோசியுங்கோ. அவரிட்டயே போனாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் போனால், விசிலைச் சொல்லுங்கோ."

கீழே ஹோர்ன் மூன்றாவது தடவையும் அடித்தது. புஷ்பம் ஜன்னலைத் திறந்து, கையை வாயருகே குவித்து, கத்தினாள். "அண்ணே! நீ போ! அவுக இன்னைக்கி வரமாட்டாக!"

"அப்ப டிக்கட்டு யாரு போடுறது?"

"சனத்தையே போட்டுக்கச் சொல்லு!"

இப்படி ஒரு குரல் வீட்டில் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு விசில் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வாசலில் அபிப்பிராயம் இல்லை.

ஒரு பல் போயிற்று. மற்றதைக் கட்டினார்கள். செல்லையா பல தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று வாயை அகலத் திறந்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். வெற்றிலையை விட்டாரோ, குறைத்தாரோ, அது புஷ்பத்துக்கும் அவருக்கும் வெளிச்சம். கடைசியில், பிடுங்கிய பல்லுக்குப் பதிலாக ஒற்றைப் பல் வைத்த சின்ன பிளேட் வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஊதிப் பார்த்தார். புஸ். முகம் தொங்கிப்போயிற்று. பிறகு என்ன நினைத்தாரோ, பிளேட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாக நாக்கை வளைத்து ஒரு ஊது ஊதினார்.

டொக்டரின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து படியடியில் நின்று என்ன விபத்து என்று கேட்டார். "ராசம்மா," என்றார் டொக்டர், காதைத் தேய்த்துக்கொண்டே, "இந்தப் பல்லு தொழிலுக்கு இல்லை, கலியாண வீட்டுக்கு மட்டும் எண்டு அவருக்குச் சொல்லிவிடுங்கோ."

ஆகவே பிள்ளைகளே, குடை நனையாமல் யாராவது வந்தால் திட்டாதீர்கள். முதல் டொக்டரைப் பற்றிக் கேவலமாகப் பேசவும் விடாதீர்கள், நீங்களும் பேசாதீர்கள். இன்னொருவரிடம் கேட்க வருவது துரோகம் இல்லை, பரீட்சையும் இல்லை. முதலில் எடுத்த படத்தையும் முதலில் சொன்ன பேச்சையும் மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பல்லால் தனக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது என்பதையும் சொன்னால்தான் இரண்டாவது டொக்டருக்கு ஏதாவது வேலை உண்டு. பாடகியோ, பிட்டு அவிக்கிறவரோ, வீட்டில் தேத்தண்ணி கேட்கிறவரோ, அது சின்ன விஷயம் என்று வெட்கப்படுவார்கள். அந்த வெட்கத்தைக் கழற்றி எடுப்பதற்குக் கருவி இல்லை. உங்களைத்தான் வைத்திருக்கிறார்கள். எப்படிச் செய்வீர்களோ, அது உங்கள் சாமர்த்தியம். என் அளவுக்கு வராது, பரவாயில்லை.

வேலையை விட்டபிறகு ஒரு நாள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு சடங்குக்குப் போக அந்த பஸ்ஸில் ஏறினேன். செல்லையா என்னிடம் காசு வாங்கவே மாட்டேன் என்றார். நான் விடுவேனா, கையில் திணித்தேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பிளேட் பல் அதற்குள் பத்திரமாக இருந்தது, டிக்கட்டுக் காசோடு. முன்சீட்டில் புஷ்பம், காய்கறிப் பையோடு. அவள் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் நெளிந்த பக்கத்தை நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"என்னா தங்கச்சி, இப்ப வீட்டுல நிம்மதியா?" என்றேன்.

"எங்கக்கா நிம்மதி! திருந்திட்டாராம். வீட்டுல ஊதுறதே இல்ல. 'புஷ்பம், தேத்தண்ணி', 'புஷ்பம், சுடுதண்ணி'ன்னு பேரச் சொல்லிக் கூப்புடுறாரு. யாரோ ஆபீசர் கூப்புடுற மாதிரி இருக்கு. எனக்குத் திரும்பிப் பாக்கவே வரமாட்டேங்குது." காய்கறிப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"நானா? எனக்கென்ன, வாசல்ல அபிப்பிராயம் இல்ல" என்றேன். ஆனால் அவள் இறங்குகிற இடத்துக்கு முன்னால், டிக்கட்டுப் போட வந்த செல்லையாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் ஒரு வார்த்தை சொன்னேன். ஓய்வுபெற்றவளுக்கு ஏது சட்டம்?

அவள் இறங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் போகிற ஏற்றத்தில் நடந்தாள். செல்லையா இரண்டு விசில் அடித்தார். பஸ் புறப்பட்டது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டே, அவள் போகிற பக்கம் பார்த்து, இன்னொன்று அடித்தார். மெதுவாக, நீட்டி, கடைசியில் கொஞ்சம் வளைத்து.

பிரேக் விழுந்தது. நின்றிருந்த சனம் முழுக்க முன்னால் போய் மோதிக்கொண்டது. ஒரு பாப்பாவின் கையிலிருந்த மாலு பணிஸ், மீன் அடைத்த பன், என் மடியில் வந்து விழுந்தது. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"டேய்! இப்பத்தானே போகச் சொன்ன! இது என்னாடா விசிலு?"

"இது பஸ்ஸுக்கு இல்ல மச்சான்," என்று கத்தினார் செல்லையா. "நீங்க போங்க!"

ஏற்றத்தில் புஷ்பம் நடையை நிறுத்தவில்லை. திரும்பவும் இல்லை. பை இல்லாத கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள்.